கழுத்தைப் பிடிக்கிற இரண்டு

மேலகரத்தில் எங்களுக்கு ஒரு வயல் இருந்தது. இந்தக் கார் பருவத்து நெல்லும் தேறாவிட்டால் மனை போட்டு விற்றுவிடுவது என்று தம்பியும் நானும் பேசி முடித்திருந்தோம். எனக்கு விற்க மனமில்லை. உழவும் தெரியாது. புத்தகம் படித்து விவசாயம் பார்ப்பவனிடம் வயல் படும் பாட்டை வயலிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பருவத்தில் எனக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கீரி. பட்டப்பகலில் வாய்க்கால் புதரிலிருந்து வந்து, மனைவி வளர்த்த கோழிகளைக் கழுத்தில் கவ்வும். இன்னொன்று பூஞ்சை. நெல் இலையில் கண் வடிவத்தில் சாம்பல் புள்ளி வைக்கும். பிறகு கதிரின் கழுத்துக்கு ஏறும். குலை நோய் என்பார்கள். கீரி வயிறு நிறைந்தால் போய்விடும். பூஞ்சைக்கு வயிறே கிடையாது. கீரியைக் கல்லால் எறியலாம். நான் எறிந்தால் படாது என்பது வேறு விஷயம். பூஞ்சையை எங்கே பார்த்து எறிவது? அது வந்ததோ சாரலில். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அண்ணாந்து நின்று ஆகா என்கிற அதே சாரல்.

சாரலில் மருந்தடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். வெயிலுக்குக் காத்துக் கிடந்தோம். ஒருநாள் காலை வானம் வெளுத்து வெயில் வந்தது. மருந்தடிக்கிறவரோடு நான் கிளம்பும்போது கீரி குறுக்கே ஓடியது. கல்லை எடுத்தேன்.

மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "எறியாதிய! கீரி குறுக்க போனா யோகம்லா. நெனச்சது நடக்கும்."

"நேத்து உன் கோழி என்ன நெனச்சுதோ?"

"காரியத்துக்குப் போகையில வாய வச்சிக்கிட்டு சும்மா போங்க."

அடித்து முடித்து வரப்பில் ஏறினோம். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதுகு டேங்கை இறக்காமலே அவர் சொன்னார்: "அண்ணாச்சி, அருவில தண்ணி நல்லா விழும்."

கதிர் வந்தபோது கழுத்தெல்லாம் கறுத்திருந்தது. தொட்டால் ஒடிந்தது, உள்ளே அரிசி இல்லை. அறுப்பு மெஷின்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, வண்டியை வயலில் இறக்காமலே திருப்பிக்கொண்டு போனார்.

தம்பி கூட்டிவந்த தரகர் மட்டும் வயல் நடுவில் நின்று, முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். "சாரல் அடிக்கிற மனைல்லா. தன்னால வித்துப் போயிரும்."

மனைக்கல் ஊன்றிய காலையிலும் கீரி குறுக்கே போனது. நான் கல்லைத் தேடவில்லை. யாருக்கு யோகம் என்று மனைவியும் சொல்லவில்லை.