மூடுபனியில் மூன்று தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். குடித்திருந்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். காலை ஏழே காலுக்கு எவன் குடிப்பான்? அன்று நான் காப்பிகூடக் குடிக்கவில்லை. கென்டக்கி மலையில், எங்கள் ஓடைக்கு மேலே, இந்த இரண்டு காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

என் மகன் டென்வர் அந்த மலையில்தான் காணாமல் போனான். இருபத்தாறு வயது. டிசம்பரில் மான் வேட்டைக்குப் போனான். மதியம் ஒரு வெடி கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வெடி என்றால் மான் விழுந்தது என்று அர்த்தம். வழி தப்பினாலோ அடிபட்டாலோ மூன்று வெடி வெடிக்க வேண்டும். ஒன்றுதான் கேட்டது என்று நான் சந்தோஷமாக ஈரல் வறுக்க வெங்காயம் நறுக்கினேன். சாயங்காலம் பனிப்புயல் இறங்கியது. அவன் வரவில்லை. ஊரே நாய்களோடு தேடியது. ஒரு பூட்ஸ்கூடக் கிடைக்கவில்லை.

அவன் அம்மா ஓப்பலின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் விட்டுவைத்திருந்தேன். அவனைக் கொண்டுவந்து அங்கே படுக்க வைக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை.

அவன் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். வாய்வழியாகக் கெட்டிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி. முதலில் கருமருந்து. பிறகு கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டை வைத்து, மரச் சுத்தியால் தட்டிக் குழல் வாய்க்குள் இறக்க வேண்டும். பிறகு நீளக் குச்சியால் அடிவரை தள்ள வேண்டும். கடைசியில் கேப், அதாவது தட்டினால் பொறி பறக்கிற சின்னச் செப்பு மூடி, குழலின் அடிப்பக்கம் மாட்ட வேண்டும். விசையை இழுத்துக் குதிரை விழுந்தால் கேப் வெடித்து, குழல் அடியில் இருக்கிற மருந்தில் தீப் பிடிக்கும்.

எவ்வளவு மருந்து, எந்தத் துணி என்பதில்தான் சண்டையே. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தீனி பிடிக்கும். என்னுடையதற்குச் சின்ன அளவும் மெல்லிய துணியும் போதும், குண்டு ஒரே தட்டில் இறங்கிவிடும். டென்வர் கேட்கவில்லை. ஒரு கோடை முழுக்கப் பலகையில் சுட்டுச் சுட்டுப் பார்த்தான். மருந்தைக் கூட்டினான், குறைத்தான், துணியை மாற்றினான். கடைசியில் பெரிய அளவு மருந்தும் மெத்தை உறையின் தடித்துணியும்தான் சரி என்று வந்து நின்றான். எழுபது கஜத்தில் மூன்று குண்டும் ஒரே ஓட்டையில். ஆனால் குண்டு இறங்க மூன்று தட்டு வேண்டும். குச்சி கிரீச்சென்று அழுதுகொண்டே போகும்.

"நீ கெட்டிச்சு முடிக்கிறதுக்குள்ள மான் கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்துடும்டா" என்பான் பக்கத்து வீட்டு எஸ்டில்.

"உங்க குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பேரனுக்கும் கல்யாணம் ஆயிடும் மாமா" என்பான் டென்வர். வாய் ஜாஸ்தி. அந்த வாயைக் கேட்காமல் வீடு செத்துக் கிடக்கிறது.

அவன் போய் இரண்டு வருஷம் கழித்து, டிசம்பரில், எஸ்டில் என்னை அதே மலைக்கு மான் வேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் மலையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தான். நான் இந்தப் பக்கம். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

தட்... தட்... தட்.

எனக்குக் கீழே, சரிவில். யாரோ குண்டு இறக்குகிறார்கள். பிறகு குச்சி. கிரீ...ச். பிறகு ஒன்றுமில்லை.

யாரோ டவுன்காரன், மானை விரட்டப் போகிறான் என்று எரிச்சலாக இருந்தது.

'பட்.'

கேப் மட்டும் வெடித்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

சரி, ஈரமாகியிருக்கும். குச்சியில் திருகாணி மாட்டிக் குண்டை வெளியே எடுப்பான் என்று நினைத்தேன். அவன் எடுக்கவில்லை. சரசரவென்று மருந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. அடப்பாவி, வெடிக்காத குண்டுக்கு மேலேயே கெட்டிக்கிறானே!

தட்... தட்... தட்.

கிரீ...ச்.

'பட்.'

மருந்து கொட்ட அவ்வளவு நேரம் ஆனது. பெரிய அளவு. குச்சி அழுகிற அழுகை... தடித்துணி. மூன்று தட்டு. இந்த மலையில் அப்படிக் கெட்டிக்கிறவன் ஒருத்தன்தான்.

என் துப்பாக்கியைக் கீழே வைத்தேன்.

மறுபடி மருந்து. மறுபடி மூன்று தட்டு. இந்த முறை மெதுவாக... ரொம்ப மெதுவாக.

குச்சி முன்னைவிடச் சீக்கிரம் நின்றது. குழல் நிரம்பிக்கொண்டு வந்தது.

'பட்.'

எழுந்து இறங்கினேன். விழுந்தேன். மறுபடி எழுந்தேன். எத்தனை முறை கெட்டித்தான் என்று எண்ண முடியவில்லை, நான் இறங்க இறங்கச் சத்தமும் கீழே போனது.

ஒரு பறவை இல்லை. காற்று இல்லை.

தட்... தட்...

மூன்றாவது தட்டு வரவேயில்லை.

எனக்குத் தாங்கவில்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது. கத்தினேன்.

"டேய் டென்வர்! மருந்து போட்டியாடா?"

எல்லாம் நின்றது.

பிறகு, புதருக்குள்ளிருந்து...

"ஐயோ..."

மூச்சோடு மூச்சாக. அவ்வளவுதான்.

புதரைப் பிய்த்துக்கொண்டு போனேன். உள்ளே ஒரு பாறை இடுக்கு. அங்கே டென்வரின் துப்பாக்கி பாறையில் சாய்ந்து நின்றது. குழல் வாயிலிருந்து குச்சி கிட்டத்தட்ட முழுசாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே இலைக் குப்பை. அதில் அவன் கோட்டு. கோட்டுக்குள் என் பிள்ளை... எலும்பாக, ஒரு கால் எலும்பு முறிந்து.

நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எஸ்டில் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"யார்கிட்டடா கத்துன?"

"கெட்டிக்கிற சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"உன் சத்தம் மட்டுந்தான்டா கேட்டுச்சு, வெர்லின்."

பிறகுதான் கோட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சின்னப் பையன் மாதிரி அழுதான்.

டென்வரை அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். துப்பாக்கியை எஸ்டிலின் தம்பி மகன் லோவலிடம் கொடுத்தேன். துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான்.

"ஒவ்வொண்ணாத் திருகி எடுத்தேன், பெரியப்பா. ஒண்ணு மேல ஒண்ணா வாய் வரைக்கும் கெட்டிச்சிருக்கான். எல்லாம் அதே தடித்துணி, முழு அளவு மருந்து. மூணு வெடி வெடிக்கத்தான் பார்த்திருக்கான். முதல் வெடி மட்டும் போயிருக்கு, அன்னைக்கு நீங்க கேட்டது அதுதான்."

"அப்புறம் ஏன்டா மத்தது வெடிக்கல? மருந்து நனைஞ்சிருந்துதா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எல்லாத்துக்கும் அடியில இருந்த குண்டு... அதுக்குக் கீழ மருந்தே இல்ல, பெரியப்பா. கை விறைச்சுப் போயிருக்கும். போட மறந்திருக்கான். அதுக்கு மேல எத்தனை கெட்டிச்சு என்ன, கேப்புத் தீ மருந்துகிட்டயே போகாது."

அந்த 'ஐயோ' ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் கேட்டது அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவன் பக்கத்தில் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இருந்திருந்தால், என் பிள்ளை குண்டை எடுத்துவிட்டுச் சரியாகக் கெட்டித்து இரண்டாவது வெடியையும் மூன்றாவது வெடியையும் வெடித்திருப்பான். நான் ஓடியிருப்பேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் நான் போய்க் கேட்டேன்.