தறியில் இருக்கும்போது சொல்லக்கூடாதது

நாங்கள் இருக்கும் ஊர் நியூசிலாந்தில் பால்மர்ஸ்டன் நார்த். இங்கே சனிக்கிழமை காலையில் நகரசபை நீச்சல் குளத்துக்குப் போனால் தண்ணீர்ச் சத்தத்தைவிடப் பாராட்டுச் சத்தம்தான் அதிகம் கேட்கும். ஒரு குழந்தை கால் விரலைத் தண்ணீரில் விடும், அதற்கு ஒரு "குட் ஜாப்". முகத்தை நனைத்தால் "வெல் டன்". ஒருநாள் ஒரு அப்பா, தன் மகன் நீச்சல் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டதற்குக் கை தட்டினார். பையனுக்கு ஏழு வயதாவது இருக்கும். அந்த வயதில் நான் ஆரணியில் கியூவில் நின்று மண்ணெண்ணெய் வாங்கி வந்திருக்கிறேன். யாரும் கை தட்டியதாக நினைவில்லை, ஏண்டா இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டார்கள். இதை எழுதும்போது ஊரில் இருக்கும் நண்பர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நானும் முதலில் சிரித்தேன். இவர்கள் பிள்ளைகளுக்கு மூச்சு விட்டதற்குக்கூடப் பரிசு கொடுப்பார்கள் போலிருக்கிறதே என்று என் மனைவி ரேவதியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு கேலி போய்க் குறுகுறுப்பு வந்தது. இந்தப் பிள்ளைகள் பாராட்டைவிட வேறொன்றைத்தான் கேட்கிறார்கள் என்று பட்டது. "வாட்ச் மீ, டாட்" என்று விடாமல் கத்துகிறார்கள். நான் குதிப்பதைப் பார், முங்குவதைப் பார். என் மகள் தாரிணியும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள், தமிழில், "அப்பா, பாருங்க" என்று. அவளுக்கு ஒன்பது வயது. நானும் பார்ப்பேன், தலையாட்டுவேன், "காலை நல்லா உதை" என்பேன். எங்கள் தெரு வழக்கப்படி அது பெரிய வார்த்தை. போன வருடம் நடுவில் ஒரு நாள் அவள் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். காரணம் முழுதாக விளங்க நான் ஆரணிவரை போக வேண்டியிருந்தது.

இங்கே பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் பிள்ளையும் கூடவே உட்கார வேண்டும். தான் செய்ததைப் பிள்ளையே எடுத்துக் காட்டும். தாரிணியின் ஆசிரியை கேட் என்பவர் நல்ல மனுஷி, எதைச் சொன்னாலும் கண்ணை அகல விரித்துச் சொல்வார். தாரிணி ஒரு விலாங்கு மீனைப் பற்றிக் கதை எழுதியிருந்தாள். அதை வகுப்பிலேயே சிறந்த கதை என்று சொன்ன கேட், "உங்களுக்கு ரொம்பப் பெருமையாக இருக்குமே" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என்ன சொல்ல வேண்டும்? என் வாய் தானாகவே வேலை செய்தது. "அதெல்லாம் இல்லைங்க. வீட்டில் மகா சோம்பேறி. கையெழுத்தைப் பார்த்தீர்களா, கோழி கிளறின மாதிரி" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தேன். ஆரணியில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் உடனே, "அப்டிலாம் சொல்லாதீங்க, தங்கமான புள்ள" என்று சொல்லியிருப்பார். பேச்சு அழகாக முடிந்திருக்கும். கேட் அதைச் சொல்லவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா, ஏதாவது உதவி வேண்டுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். தாரிணி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வரும்போது பின்சீட்டிலிருந்து கேட்டாள். "அப்பா, கேட் சொன்னது பொய்யா?"

"சேச்சே, அவங்க எதுக்குப் பொய் சொல்லப்போறாங்க?"

"அப்ப நீங்க சொன்னது?"

நான் சீட் பெல்ட் போட்டிருக்கிறாயா என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் நின்றுபோனது. குளத்தில் கூப்பிடுவது மட்டுமல்ல, படம் வரைந்தால் ஓடி வந்து நீட்டுவாளே, அதுவும் நின்றது. பள்ளிப் பையைத் திறக்காமலே மாட்டிவைத்தாள். "அவ உங்ககிட்ட எதையும் காட்டறதில்ல, கவனிச்சீங்களா?" என்று ரேவதி கேட்டாள். சரி, இந்த ஊர் வழியிலேயே போவோம் என்று மறுநாள் தட்டைக் காலி செய்ததற்கு "குட் ஜாப்" என்றேன். "தோசை சாப்பிட்டதுக்கா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நான் வளர்ந்தது பட்டு நெசவுத் தெரு. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. புடவை தறியில் இருக்கும்போது அதை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது. முதலாளி வீட்டு ஆள் வந்து பார்த்து, "எப்பிடிப் போவுது?" என்று கேட்டால், அப்பா தலை நிமிராமல், "ஏதோ ஓடிகினு கீதுங்க" என்பார். எவ்வளவு அழகான முந்தானை ஓடினாலும் அதே பதில்தான். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் தறிக்குப் பக்கத்தில் நின்று ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் இழை இழையாக அறுந்தது. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கி, மடித்து, குங்குமம் வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். அப்போது அப்பாவே, "நல்லா வந்துகீது" என்பார். பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். நான் பத்தாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். பக்கத்து வீட்டில் கேட்டபோது அப்பா, "ஏதோ பாஸ் பண்ணிட்டான்" என்றார், எனக்கு முன்னாலேயே.

ஆனால் அது எனக்கு ஒருநாளும் குறையாகப் பட்டதில்லை. காரணம் சத்தம். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது காதில் விழாது, நின்றால்தான் கேட்கும். பரீட்சைக் காலத்தில் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தறி நின்றுவிடும். அப்பா எழுந்து, "கால் வலிக்குது" என்று வாசலில் போய் நின்றுகொள்வார். நெய்தால்தான் கூலி. அவர் காலில் ஒரு வலியும் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அமைதியில் உட்கார்ந்து படிக்கும்போது இந்த வீட்டிலேயே பெரிய ஆள் நான்தான் என்று இருக்கும். அதற்கு மேல் எந்தக் "குட் ஜாப்"பும் எனக்குத் தேவைப்படவில்லை.

டிசம்பரில் மூவரும் ஊருக்குப் போனோம். அம்மா இப்போது இல்லை. மல்லிகா அக்காவும் மாமாவும்தான் அப்பாவோடு இருக்கிறார்கள். பின்னறையில் மாமாவின் இரண்டு விசைத்தறிகள் தடதடவென்று ஓடுகின்றன. முன்னறையில் எழுபதைத் தாண்டிய அப்பா, முடிந்தபோது தன் கைத்தறியில் உட்காருகிறார். தாரிணி காலையில் பல் துலக்கியதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். அவள் ஆயிரம் கேள்வி கேட்பாள், அவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். இருவருக்கும் எப்படியோ ஒத்துப்போனது. ஒருநாள் காலை, புடவையின் உடல் நிறமும் கரை நிறமும் சேரும் இடத்தைக் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "தாத்தா, பச்சையும் சிவப்பும் எங்க சேருதுன்னே தெரியல. யூ ஆர் அமேசிங், தாத்தா."

காபி கொண்டுவந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏ கண்ணு, தறியில இருக்கறப்போ அப்டிலாம் சொல்லக்கூடாது. கண்ணு பட்டுடும்." அப்பாவின் கால் தறியின் மிதிகட்டையிலேயே நின்றது. ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்து, "இன்னாடா சொல்லுது கொயந்த?" என்று கேட்டார்.

மொழிபெயர்க்க வேண்டியது நான். "நீங்க ரொம்ப நல்லா நெய்யறீங்கன்னு சொல்றாப்பா" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்த வார்த்தையை என் வாயால் அவர் முகத்துக்கு நேரே நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று. அவர் "ம்" என்று சொல்லிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"அப்ப எப்பதான் சொல்லலாம்?" என்று தாரிணி அத்தையைக் கேட்டாள்.

"அறுத்து எறக்கனப்புறம் எவ்ளோ வேணா சொல்லிக்கோ, யார் வேணான்றாங்க?"

மறுநாள் தேவிகாபுரம் கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். தாரிணி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் திரும்பாமலே கேட்டாள். "அப்பா, நான் இன்னும் தறியிலதான் இருக்கேனா?"

ஆமாம், அதனால்தான் உன் டீச்சர் கேட்டிடம் அப்படிச் சொன்னேன், உன்மேல் யார் கண்ணும் படக்கூடாது என்றுதான் சொன்னேன் என்றேன். "எனக்கு அது தெரியாதே. நீங்க நிஜமாவே அப்படித்தான் நினைக்கிறீங்கன்னு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள். அந்த விலாங்கு மீன் கதையை அவள் தூங்கியபிறகு எடுத்து இரண்டு முறை படித்தேன், மீன் கடலுக்குத் திரும்பும் இடத்தில் அழுகை வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் முகத்தை முழுதாக என் பக்கம் திருப்பினாள். அப்புறம் என் பரீட்சைக் கதையையும் தாத்தாவின் கால்வலியையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்ல தறியே இல்லையே. என்ன சத்தம் நின்னா நான் தெரிஞ்சுக்கணும்?" என்றாள். அதற்குள் பஸ் கோயில் வாசலில் நின்றுவிட்டது, இறங்கிவிட்டோம்.

யோசித்துப் பார்த்தால் பிசகு அங்கேதான். அப்பாவிடமிருந்து வாயை மூடிக்கொள்வதை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறேன். வாய் சொல்லாததை ஈடுகட்டிய தறியை ஆரணியிலேயே விட்டுவிட்டேன்.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் புடவையை அறுத்து இறக்கினார்கள். அப்பா குங்குமம் வைத்துவிட்டு, "எங்க அது? அன்னிக்கி இன்னாமோ சொல்லிச்சே, இப்ப வந்து சொல்லச் சொல்லு" என்றார். தாரிணி அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சையும் சிவப்பும் சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. பிறகு அவள் விடவில்லை. "தாத்தா, எங்க அப்பாவை எறக்கிட்டீங்களா?"

அக்காதான் அவருக்கு விளக்கினாள். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கப்பனா? ஏதோ ஓடிகினு கீறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சின்னதாக ஒன்று சுருக்கென்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது தாண்டியவனுக்கும் அந்த வார்த்தை வேண்டித்தான் இருக்கிறது.

மறுநாள் இரவு விமானம். மத்தியானம் சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்தேன், கண் அசந்துவிட்டது. விழித்தபோது என்னவோ மாறியிருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. விசைத்தறி இரண்டும் நின்றிருந்தன. "கரண்ட் போச்சாக்கா?" என்று கேட்டேன்.

"கரண்ட்லாம் கீது. நீ தூங்கறியாம், அப்பாதான் நிறுத்தச் சொன்னாரு. உங்க மாமா சீக்கிரம் முடிக்கணும்னு பேஜார் பண்ணிகினு இருக்காரு" என்றாள் அக்கா. வாசலில் நின்றிருந்த அப்பா திரும்பாமலே, "மோட்டார் சூடாயிடுச்சிடா" என்றார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். தாரிணி பக்கத்தில் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இதுதானா அது?" என்று ரகசியமாகக் கேட்டாள். தலையை மட்டும்தான் என்னால் ஆட்ட முடிந்தது.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை குளத்துக்குப் போனோம். நான் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கை தட்டும் அந்தக் கண்ணாடிப் பையனின் அப்பா. தாரிணி அந்தக் கரையிலிருந்து கிளம்புமுன் கையைத் தூக்கினாள். "அப்பா, பாருங்க" என்று கத்தினாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன். பார்த்தேன், முழுதாகப் பார்த்தேன். இடது கையைப் பழைய மாதிரி மடக்காமல் நீட்டி வீசினாள், நடுவில் நிற்காமல் இந்தக் கரையைத் தொட்டாள். நான் எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ரொம்ப நல்லா நீந்தின, தாரிணி. இடது கை இன்னிக்குத்தான் சரியா வந்திருக்கு. எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கும்மா" என்றேன்.

சொல்லி முடித்த கணமே என் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்தன. காற்றில் அவள் முகத்தை வழித்து, என் நெற்றிப்பொட்டுகளில் வைத்து, படபடவென்று நெட்டி முறித்தன. எங்கள் தெருவில் ஆண்கள் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை, அது அம்மாவின் கை. பக்கத்திலிருந்தவர் பதறி, தலைவலியா, மாத்திரை வேண்டுமா என்று தன் பையைத் திறந்தார். தண்ணீரிலிருந்து தாரிணி அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "அவருக்கு ஒன்றுமில்லை. நான் இன்னும் தறியில் இருக்கிறேன், அதற்குள் சொல்லிவிட்டார்." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாத்திரை அட்டையை நீட்டியபடியே இருந்தார். அவள் மறுபடி அந்தக் கரைக்கு நீந்திப்போய், "அப்பா, பாருங்க" என்றாள். நெற்றியிலிருந்த கையை எடுக்காமலே பார்த்துக்கொண்டு நின்றேன்.