ஜிம்மிக்கு ஒட்டியது என் நோயா?

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. திண்டுக்கல்லில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இருந்தேன் என்பதைவிட ஒளிந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

காரணம் என் தோல். கல்லூரியில் படிக்கும்போது முழங்கையில் ஆரம்பித்தது. சிவந்து தடித்து, மேலே வெள்ளையாகச் செதில் உதிரும். அப்புறம் கை, முதுகு, தலை என்று பரவிவிட்டது. மதுரையில் தோல் டாக்டரிடம் காட்டினோம். சொரியாசிஸ் என்றார். முழுக்கப் போகாது, கட்டுப்பாட்டில் வைக்கலாம், யாருக்கும் ஒட்டாது என்றார். நோயின் பெயர் எங்கள் தெரு முழுவதும் போய்விட்டது. ஒட்டாது என்பதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சுடிதார்தான் போடுவேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என் பக்கத்து இடம்தான் கடைசியாக நிரம்பும்.

எந்தக் கணக்கும் பார்க்காமல் என்னோடு ஒட்டி உட்காருவது எங்கள் ஜிம்மி மட்டும்தான். செவலை நிற நாட்டு நாய். நான் துணி மடித்தாலும் புத்தகம் படித்தாலும் என் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கும்.

அந்த ஜிம்மியின் முதுகில் ஒரு நாள் வெள்ளைப் பொடியாகப் பார்த்தேன். தட்டிவிட்டேன். சில வாரங்களில் வால் அடிவரைக்கும் அப்படி ஆகிவிட்டது. முடி பளபளப்பில்லாமல் தேங்காய் நார் மாதிரி ஆனது. படுத்து எழுந்த இடத்தில் மாவு சலித்த மாதிரி செதில் கிடந்தது.

வீட்டுக்கு வந்திருந்த அத்தைதான் அதை முதலில் வாய்விட்டுச் சொன்னார்.

"இவகிட்டருந்து நாய்க்கே ஒட்டிருச்சு பாரு. மனுசருக்கு மட்டும் ஒட்டாதாக்கும்?"

டாக்டர் சொன்னதை நான் பாடம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் எதிரே நின்று வாலாட்டிக்கொண்டிருந்த ஜிம்மியைப் பார்த்தபோது, ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அன்றிலிருந்து அது பக்கத்தில் வந்தால் காலால் நகர்த்திவிட்டேன். அது கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கொண்டு என்னையே பார்க்கும்.

அந்தச் சமயத்தில்தான் வத்தலக்குண்டிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. என் தோல் பற்றி அவர்களுக்குச் சொல்லவில்லை. நிச்சயம் ஆன பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் எண்ணம்.

"நாயச் சேவுகம்பட்டியில நம்ம கூட்டாளி தோட்டத்துல கொண்டு விட்டுருவோம்" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை ஆளுக வாராங்க. இதப் பாத்தா என்ன நெனப்பாங்க?"

அம்மா ஜிம்மியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

மறுநாள் காலை அப்பா கடைக்குப் போனதும் ஜிம்மியின் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தைரியத்தில் போனேன் என்று நினைக்காதீர்கள். என்னிடமிருந்துதான் ஒட்டியதா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படி இருந்தால் கல்யாணப் பேச்சையே நிறுத்தச் சொல்லிவிடலாம் என்ற முடிவோடு போனேன்.

என் வயதை ஒத்த ஒரு பெண்தான் டாக்டர். பேச்சிலேயே ஒட்டன்சத்திரம் பக்கம் என்று தெரிந்தது. ஆடு பிடித்துக்கொண்டு வந்தவர்களை அனுப்பிவிட்டு ஜிம்மியை மேசைமேல் ஏற்றச் சொன்னார். பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் செத்த நேரம் பார்த்தார். முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

"சொறிப்பூச்சி இல்லீங்க. படை மாதிரியும் தெரியல. எத்தன நாளைக்கு ஒருக்கா குளிப்பாட்டுவீங்க?"

"தினமும். எங்கம்மாதான் குளிப்பாட்டுவாங்க."

"எதப் போட்டுங்க?"

"துணி சோப்பு. கடைசியில தண்ணியில கொஞ்சம் டெட்டால் ஊத்துவாங்க. போர் தண்ணி, உப்புத் தண்ணிதான்."

"சாப்பாடு?"

"ரசம் சோறு, மோர் சோறு."

அவர் சிரித்துவிட்டார். "அப்புறம் எப்படீங்க தோல் நல்லா இருக்கும்? அதுல இருக்கற எண்ணெய்ப் பசையத்தான் தினமும் கழுவி எடுத்துடறீங்களே."

குளிப்பாட்டுவதை முதலில் நிறுத்தச் சொன்னார். அப்புறமும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, நல்ல தண்ணீரில், நாய்க்கென்று விற்கிற சோப்பு போட்டால் போதும். சோற்றோடு அவித்த முட்டை, முள் எடுத்த மத்தி மீன், ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். தினமும் சீவிவிட வேண்டும். சரியாக ஒன்றிரண்டு மாதம் ஆகும், பொறுமையாக இருங்கள் என்றார்.

நான் அங்கேயே நின்றேன். பிறகு சுடிதார் கையை மேலே ஏற்றி முழங்கையைக் காட்டினேன்.

"இதுதான் அதுக்கு ஒட்டிருச்சுன்னு வீட்ல சொல்றாங்க."

அவர் குனிந்து பார்த்தார். "நான் மனுசங்களுக்குப் பாக்கற டாக்டர் இல்லீங்களே. உங்க டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"சொரியாசிஸ். ஒட்டாதுன்னு சொன்னாரு."

"அப்ப ஒட்டாதுங்க. இதுக்கு வந்தது சோப்பால வந்ததுங்க."

அவ்வளவுதான் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் தப்பாகச் சீவினேன் போலிருக்கிறது. "அப்படியில்லீங்க" என்று என் கையைத் தன் கையால் பிடித்து, முடி படிகிற பக்கமாகவே ஜிம்மியின் முதுகில் மெதுவாக இழுத்துக் காட்டினார். என் கையில் செதில் தடித்த இடத்தில்தான் அவர் விரல்கள் இருந்தன. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. வெளியாள் ஒருவர் என்னைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சீப்பைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உன்னோடது அதுக்கும் அதோடது உனக்கும் போயிரக் கூடாதுன்னுதான்டி அம்புட்டுத் தேச்சேன்."

அதாவது, ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை அம்மாவும் நம்பியிருக்கவில்லை. அது எனக்கு வலித்தது. ஆனால் அந்தப் பயத்தால்தான் ஜிம்மியின் தோல் இப்படி ஆனது என்று புரிந்தபோது, அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். ஜிம்மி கொல்லையில்தான் இருந்தது. கை கழுவப் போன மாப்பிள்ளையின் அம்மா, "நாய்க்கு என்ன, சொறியா?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இல்லைங்கம்மா. சோப்பு போட்டுக் குளிப்பாட்டித் தோல் காஞ்சுபோச்சு, சரியாயிரும். எனக்கும் தோல்ல ஒண்ணு இருக்கு. அது வேற. அது முழுசாப் போகாது, ஆனா யாருக்கும் ஒட்டாது."

கையையும் காட்டினேன். காபி குடித்துவிட்டு மரியாதையாகக் கிளம்பினார்கள். அப்புறம் பதில் வரவில்லை.

அவர்கள் போனபின் அப்பா காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில், "எப்பன்னாலும் சொல்லத்தான் வேணும். நீ சொன்னதும் சரிதான்" என்றார். சேவுகம்பட்டித் தோட்டப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

டாக்டர் சொன்னபடியே செய்தோம். முட்டை வாசனைக்கு ஜிம்மி அடுப்படி வாசலிலேயே குடியிருந்தது. மெல்ல மெல்லச் செதில் குறைந்தது. மழை ஆரம்பித்த சமயம் புது முடி வந்து, வெயிலில் செம்பு மாதிரி மின்னியது. எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. குறைவதும் கூடுவதுமாக என் தோல் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் அந்த மழைக்காலத்தில் ஒரு மாலை, நான் முதுகுக்குக் களிம்பு எட்டாமல் தவித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தார். வழக்கமாகக் களிம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று "குடு இங்க" என்று வாங்கி, வெறும் விரலால் முதுகு முழுவதும் தடவிவிட்டார்.

பிறகு ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அரைக்கைச் சுடிதார் போட ஆரம்பித்தேன். கேட்கிற குழந்தைகளுக்கு உள்ளதைச் சொன்னேன், அவர்கள் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். சில வருடங்கள் கழித்துக் கல்யாணமும் ஆனது. அவரிடம் நான் முதலில் பேசியதே இதைப் பற்றித்தான்.

ஜிம்மி போய்ப் பல காலமாகிவிட்டது. அந்த டாக்டரும் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார், அவருக்கு என்னை நினைவிருக்க நியாயமில்லை. யாருடைய உடம்பையாவது பார்த்து எனக்குள் ஒரு கணம் தயக்கம் வரும்போதெல்லாம், என் தயக்கம் எதிரே நிற்பவருக்குத் தெரிந்துவிடும் முன்பே, அந்த டாக்டர் என் கையைப் பிடித்த மாதிரி நானும் பிடித்துவிட வேண்டும் என்று மனம் அவசரப்படுகிறது.