பின்சீட் இல்லாத வண்டி

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரே அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார். எனக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை. மூன்று மைல் தூரத்தில் இருந்த அம்மாவிடம் போய், ஒரே ஒரு சேதியை என் வாயால் சொல்ல வேண்டும் என்று கிடந்து தவித்தேன். அந்த ஏக்கம் இந்த வயதிலும் தீரவில்லை.

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் வெளிவேலைக் கிராணி. ரப்பர் மரம் சீவும் இடங்களுக்கெல்லாம் போய் ஆளையும் வேலையையும் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒன்றாக்கி முள்கம்பி வேலிக்குள் அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணனோடு இருந்த என் அம்மாவை, அப்படியே சட்டிபானையோடு லோரியில் ஏற்றி, தஞ்சோங் காராங் பக்கத்து வேறொரு தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். வாய்க்கால் கரையோடு போனால் மூன்று மைல்தான். ஆனால் கரையில் சும்மா நடக்கக் கூடாது. பாஸ் உள்ள கிராணிமார்தான் பகலில் போகலாம். ரோட்டு வழியாகப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டு இடத்தில் சோதனை, ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆறு மணிக்கு வேலிக்கதவைச் சாத்திவிடுவார்கள். என்னை இன்னொரு வீட்டில் ராத் தங்கவிட, எங்களோடு இருந்த என் மாமியாருக்கு மனசு வராது.

அப்போதுதான் அவருடைய சைக்கிள் இரண்டாகப் போனது. சேற்றில் இழுத்து இழுத்து, சட்டமே விட்டுப்போயிற்று. துரை மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்ளச் சொன்னார். காவல் நிலையத்தில் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை பகலில் பெண்சாதியையும் கூட்டிப் போகலாம் என்று பாஸில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பட்டணத்துச் சீனர் கடையில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பெரியது, கறுப்பு நிறம், எருமை மாதிரி. பின்னால் அகலமான சீட்டு. பார்த்ததும் அதில் உட்கார்ந்துவிட்டேன் மனசுக்குள். இன்னொன்று பட்டாளத்துக்காரர்கள் விற்றுவிட்டுப் போன சின்ன வண்டி. பச்சைச் சாயத்துக்கு மேலே சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டுமாம். பின்னால் சீட்டு கிடையாது. வேண்டுமானால் தனியாகப் பொருத்தித் தருவார்களாம்.

இவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்த்தார். பெரிய வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு தம் கட்டினார். முகம் சிவந்ததே தவிர சக்கரம் எழும்பவில்லை. சின்னது அலுங்காமல் மேலே வந்தது. கடை முதலாளியான தௌக்கே சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. எங்கள் கரையில் ஐந்து இடத்தில் ஒற்றைப் பலகைதான் பாலம். மழை பெய்தால் பலகை நகர்ந்துவிடும். அங்கே வண்டியைத் தோளில் வைத்துக்கூடத் தாண்ட வேண்டி வரும். பிறகு குந்திக்கொண்டு அடிப்பக்கம் பார்த்தார், புகைக்குழாய் சேற்றில் முங்குமா என்று. டயரில் விரல்விட்டு அழுத்தினார். மாடு பிடிக்க வந்தவர் மாதிரி ஒரு மணி நேரம்.

சின்ன வண்டியில் இரண்டு பேர் போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு பிக்கல் கனத்துக்கு மேலே போனால் சேற்றில் பின்சக்கரம் உட்கார்ந்துவிடும், செயினும் அறுந்துபோகும் என்றார் தௌக்கே. ஒரு பிக்கல் என்றால் ஒரு பெரிய அரிசி மூட்டை கனம். "அப்ப நிறுத்துப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் பால் நிறுக்கும் ஸ்டோருக்கு என்னை வரச் சொன்னார். தாம் முதலில் தராசில் ஏறி நின்றார். பிறகு, "ஏறு புள்ள" என்றார்.

"நான் ஏற மாட்டேங்க."

"ஒரு நிமிசம் லா. யாரும் பாக்கல."

"மாட்டேன்னா மாட்டேன்."

எனக்கு அப்போது நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் கழிந்திருந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி அதை முதலில் பெற்றவளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் வந்து மாமியாரிடம் சொல்வாள். அதற்குப் பிறகுதான் புருஷன் காதுக்குப் போகும். வயிற்றுப்பிள்ளையோடு தராசில் ஏறக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது என் அம்மா அடித்துச் சொல்லும் பேச்சு. அம்மாவிடம் போய் இதைச் சொல்லத்தானே அந்தச் சீட்டு எனக்கு வேண்டியிருந்தது? சீட்டு வேண்டுமானால் தராசில் ஏற வேண்டும். எப்படி ஏறுவேன்?

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கூட வர்றதுக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு" என்றார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தேன். எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அந்த வாரமே சின்ன வண்டி வீட்டுக்கு வந்தது, பின்சீட் இல்லாமல். சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாமான் பெட்டியை முடுக்கி வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும் அம்மாவைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றும்போது எங்கோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"உங்கம்மா உன்ன எங்கேன்னு கேட்டாங்க. உங்க மக தராசுல ஏற மாட்டேன்னு அடம் புடிச்சா, அதான் சீட்டு போடலன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் உள்ள போயி நாலு புளிப்பு மாங்கா எடுத்தாந்து, மககிட்ட குடுங்கன்னாங்க. கேட்டுல சோதிக்கிறவன் புடுங்கி வச்சிக்கிட்டான். திங்கிற சாமான் எதுவும் வெளிய போவக் கூடாதாம், காட்டுல ஒளிஞ்சிருக்கவனுங்க கைக்குப் போயிடுமாம்."

அவர் கழற்றிய பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தேன். "வேற?"

"இப்பத்திக்கு அவள வண்டில ஏத்தாதீங்க மாப்ள, சீட்டு போடாதது நல்லதாப் போச்சுன்னாங்க. எனக்கு ஒன்னும் வெளங்கல போ."

அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. நான் சொல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்த அந்த நேரத்து முகத்தைப் பார்த்தவர் இவர். பார்த்தும் ஒன்றும் புரியாத மனுஷன்.

மூன்று மாதம் முடிந்ததும் நானே மாமியிடம் சொன்னேன். மாமி அவரிடம் சொன்னார். அன்றைக்கே அவர் பட்டணத்துக்குப் போய் சீட்டு வாங்கி வந்து, சாமான் பெட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தம் கையாலேயே முடுக்கினார். மாமியோ ஒரே பிடியாக நின்றார், வயிற்றுப்பிள்ளைக்காரி தண்ணி தாண்டக் கூடாது, அதுவும் ஐந்து வாய்க்கால். பஸ்ஸில் போனாலும் ஆற்றுப் பாலம் உண்டே என்றார். சீட்டு இல்லாதபோது எனக்குத் தடை சீட்டு. சீட்டு வந்த பிறகு தடை பிள்ளை.

எனக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது, சுடுகிற சத்தத்துக்குப் பயந்து அண்ணன் ஊருக்கே திரும்பிவிட முடிவெடுத்தார். அம்மாவையும் நாகப்பட்டினம் கப்பலில் கூட்டிப் போனார். வழியனுப்ப இவர் மட்டும் போய் வந்தார்.

"உங்கம்மா சீட்டத் தடவிப் பாத்தாங்க. மெத்துன்னு இருக்குன்னாங்க" என்றார். சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். அம்மா அங்கேயே இரண்டு வருஷத்தில் தவறிப்போனார்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா இருந்த வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஒவ்வொரு பலகையிலும் நான் பிள்ளையோடு இறங்கி நடந்தேன், அவர் வண்டியைத் தள்ளினார். இரண்டு இடத்தில் தூக்கினார். பின்சக்கரம் எங்கேயும் சேற்றில் உட்காரவில்லை. அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். வெறும் அரை மணி நேரம்.

அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. யார் வேண்டும் என்று ஓர் அம்மாள் வெளியே வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்.

"தலைப்பிள்ளையா தங்கச்சி? உங்கம்மா பாத்துட்டாங்களா?"

"பாக்கலக்கா" என்றேன். "ஆனா எல்லாருக்கும் முன்னாடி அவங்களுக்குத்தான் தெரியும்."

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.