பாக்கலாமுங்க

நான்கு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்ததில் நான் கற்ற தொழில் ரகசியம் ஒன்றுதான்: 'முடியாது' என்று சொல்லக்கூடாது. எங்கள் கொங்குப் பக்கம் அதற்கு மரியாதையான ஒரு சொல் இருக்கிறது, 'பாக்கலாமுங்க'. கேட்டவர் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார். யார் முகமும் கோணாது. மனு கொடுத்தோ வாங்கியோ நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2006 தேர்தலில் ஐந்தாவது தடவையும் சீட் கிடைக்குமா என்று காத்திருந்த நேரத்தில்தான் அந்தச் சொல் என் காலை வாரியது.

மோர்

சேவூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா என் இலைக்கு எதிரில் நின்று, வாத்தியார் மாப்பிள்ளைக்கு உள்ளூருக்கே மாற்றல் கேட்டார். என்னால் ஆகிற காரியமில்லை. 'பாக்கலாமுங்க' என்றேன். பாயசம் இன்னும் வரவில்லை. அவர் முகம் மாறாமல் பந்தி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, எம்.எல்.ஏ.வுக்கு மோர் ஊத்தீருங்க, அவருக்கு நேரமாச்சு."

தெருமுனை

ஜெபமணி திருநெல்வேலிப் பக்கத்து அம்மா. நல்லூரில் குடியிருந்துகொண்டு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். அவர்கள் தெருமுனையில் டவுன் பஸ் நிற்பதில்லை. அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் ஏறினால் கம்பெனி கேட் சாத்திவிடுவார்கள், ஷிப்ட் போய்விடும். மனுவை வாங்கிக்கொண்டு வழக்கம்போல 'பாக்கலாமுங்க' என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை நாற்பது பெண்கள் தெருமுனையில் எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பார்க்கலாம் என்றேன் அல்லவா, நேரில் பார்க்க வருவேன் என்று நம்பி. நான் வராததால் ஜெபமணி ஆபீசுக்கே வந்துவிட்டார். மறுநாள் காலை போய் நின்றேன். பஸ் என் கண்ணெதிரிலேயே நிற்காமல் போனது.

"பாத்துட்டீயள்லா, இனி என்ன செய்யப் போறீய?"

ஒரு போன்

பஸ் டிப்போ மேனேஜருக்குப் போன் செய்தேன். அந்த வாரமே பஸ் நிற்க ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதே தெருமுனைக்காக அதற்கு முன் மூன்று மனு வாங்கியிருந்தேன். மேனேஜரும் போனிலேயே கேட்டிருந்தார்.

"இத்தன நாளா ஏனுங்க சொல்லாம இருந்தீங்க?"

சென்னை

சீட் கேட்டுக் கட்சி ஆபீசுக்குப் போனேன். பட்டியல் தயாரிக்கிறவரும் எங்கள் பக்கத்துக்காரர். காபி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'பாக்கலாமுங்க' என்றார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இருபது வருஷமாக நான் எழுப்பி அனுப்பியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று படியிறங்கும்போது தெரிந்தது. ஊருக்கு வந்ததும் ஜெபமணி விசாரித்தார். பட்டியல்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப நாங்க நாப்பது பேரும் மெட்ராசுக்கு வாறோம், எப்ப பாப்பீயன்னு கேட்டுருவோம்."

'பாக்கலாமுங்க' என்று சொல்ல வாயெடுத்தவன், இந்த அம்மாவிடம் அது ஆகாது என்று நினைவு வந்து, என் அரசியல் வாழ்க்கையில் முதல் தடவையாக நேராக 'வேண்டாம்மா' என்று சொன்னேன், அதுவும் சீட் போன பிறகு.