மூச்சுக்காக மேலே வந்த மீன்கள்

என் கணவர் சவூதியிலிருந்து திரும்பிவந்து, நல்லூர்ப் பக்கம் ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்து, கட்லா, ரோகு மீன்களை வளர்க்க விட்டிருந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "இந்தக் குட்டையிலயா மச்சான் பொழைக்கப் போறீங்க?" என்று சிரிப்பான். அவனுக்குக் காட்டுவதற்காகவே ஒருநாள் விடியற்காலையில் வரச்சொன்னார்.

கடுமையான கோடை. முந்தைய நாள் முழுக்க வானம் மூடிக் கிடந்தும் மழை இறங்கவில்லை. புழுக்கத்தில் ஊரே தூங்கவில்லை. நாங்கள் குட்டைக் கரைமேல் ஏறியபோது தண்ணீர் மேலெல்லாம் மீன்களின் வாய்கள் திறந்து திறந்து மூடின.

"பாருங்க மச்சான், நம்மளப் பாத்ததும் எப்படி வருதுங்க! பசி!" என்று தீனி வாளியை எடுத்தார்.

நான் விலங்கியல் படித்தவள், பள்ளியில் அதையே கற்றுக்கொடுக்கிறவள். மீனுக்குத் தனியாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் சூடேறினால் அதன் உடம்பும் சூடேறி, உள்வேலை எல்லாம் வேகமெடுத்து, ஆக்சிஜன் அதிகமாகத் தேவைப்படும். சூடான தண்ணீரிலோ ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். வெயில் இல்லாத நாளில் பாசியும் அதைப் போதுமான அளவு விடாது, இருட்டியபின் இருப்பதையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அந்த நேரத்தில் தீனி போட்டால், அதைச் செரிக்க இன்னும் ஆக்சிஜன் வேண்டும்.

"பசி இல்லைங்க, மூச்சு முட்டுது. தீனி போடாதீங்க, மோட்டாரப் போட்டு தண்ணியப் பீச்சி அடிங்க, காத்து கலக்கட்டும்" என்றேன்.

"ஸ்கூலு பாடத்த ஸ்கூலோட வெச்சுக்க" என்றார். அண்ணன் சிரித்தான். அவர் வாளியைக் கவிழ்த்தார்.

சற்று நேரத்தில் பெரிய கட்லா ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு இன்னொன்று. அதன் பிறகு எண்ண முடியவில்லை. அவர் வாளியைப் போட்டுவிட்டு மோட்டாருக்கு ஓடினார். ஓடுகிறவரின் முதுகைப் பார்த்து நான் உரக்கக் கேட்டேன்: "நான் சொன்னேன்ல?"

என் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கே கேட்டது.

அண்ணன் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தான். "இப்ப அதா முக்கியம்?" என்று சொல்லிவிட்டு, வேட்டியோடு தண்ணீரில் இறங்கிக் கையால் அடிக்க ஆரம்பித்தான். முகம் எரிய நானும் புடவையோடு இறங்கினேன். கால்களில் மீன்கள் துணிபோலத் துவண்டு மோதின. மோட்டார் தண்ணீர் விழுந்த மூலையில் ஒதுங்கியவை மட்டும் பிழைத்தன.

செத்ததை எல்லாம் அவர் ஒருவரே வாரிக் கரையில் போட்டார். உதவப் போனேன். என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தபின்தான் பேசினார்.

"சாவறப்ப அதுங்களுக்கு வலிச்சிருக்குமா?"

ஆக்சிஜன் கிடைக்காத உடம்பு, சேர்த்துவைத்த சர்க்கரையை அது இல்லாமலே எரித்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும் என்றும், அதற்குள் தசையில் அமிலம் சேர்ந்து அசையவிடாமல் செய்துவிடும் என்றும் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

அடுத்த புழுக்கமான காலையில் அவரே வந்து என்னை எழுப்பினார். "வந்து ஒரு தடவ பாத்து, தீனி போடலாமான்னு சொல்லேன்" என்றார். அவர் அவ்வளவு தணிந்து கேட்டது எனக்குத் தாங்கவில்லை.