பெட்டிக்குள் யார் என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது தமயந்தி மேடத்தின் மகன் அழைத்தான். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. காபி போட்டு வச்சிட்டுக் கூப்புட்டேன், எழுந்துக்கல," என்றான். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

எங்கள் கல்லூரியில் அவர் வரலாற்றுத் துறை, நான் தமிழ்த் துறை. பக்கத்துப் பக்கத்து அறைகள். நடுவில் இருந்த தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது என்பதால், அவருடைய பாடங்களை நானும் என் மாணவிகளும் வருடக்கணக்கில் காதில் வாங்கியிருக்கிறோம். எகிப்து என்றால் அவர் குரல் சற்று உயரும். அரசர்களின் பெயர்களை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார். "பிரமிடுக்குக் கல்லு இழுத்தவன் காலையில என்ன சாப்ட்டான், சொல்லுங்க," என்று ஆரம்பிப்பார். ரொட்டி, வெங்காயம், பார்லியில் காய்ச்சிய பீர் என்று அவரே சொல்லி, பிள்ளைகள் சிரித்து முடித்தபின் நைல் வெள்ளத்துக்கும், அங்கிருந்து பூசாரிக்கும், கடைசியில் சாவுக்கும் வந்து சேருவார்.

"பேரு இருக்குற வரைக்கும் ஆளு இருக்கான். அவங்க சாமி அத்தனைக்கும் அடியில கெடக்குற நம்பிக்கை இதுதான்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாசகம். கல்லறைத் திருடர்கள் அரசர்களின் உடல்களைக்கூட விட்டுவைக்காத காலத்தில், பூசாரிகள் அவற்றை மீட்டுப் புதுத் துணி சுற்றி, கிடைத்த பெட்டிகளில் வைத்து மலைப்பிளவில் ஒளித்த கதையையும் சொல்வார். பின்னாளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது, ஓர் அரசரின் பெட்டியில் வேறோர் அரசர் இருந்தாராம். "அதனாலதான் சொல்றேன், பொட்டி மேல எழுதியிருக்கிறத மட்டும் படிச்சிட்டு நம்பிடாதீங்க." பரீட்சைக்கு வராத இந்தப் பாடத்தை வைத்துத்தான் அவர் ஒரு நாள் மொத்த ஊரையும் எதிர்த்து நின்றார்.

அவருடைய கணவர் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சிறிய சூளை ஒன்று வைத்திருந்தார். பொம்மை, விளக்கு, கோப்பை செய்வார்கள். அங்கே சூளைக்காரராக இருந்தவர் கருவேப்பிலங்குறிச்சி வேல்முருகன். பிறகு வளைகுடா நாட்டில் ஓடு செய்யும் கம்பெனிக்குப் போனார். போன இடத்தில் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் மனைவி செல்வி அழுதுகொண்டே மேடத்திடம்தான் வந்தார். உடலைக் கொண்டுவர யார் யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களையெல்லாம் மேடம் கேட்டார். வாரங்கள் கழித்து உடல் வந்தது. அன்று என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சி போனார்.

நாங்கள் சேர்ந்தபோது பெட்டி சுடுகாட்டுக்குப் போய்விட்டிருந்தது. பெண்கள் தெருமுனையில் அழுதுகொண்டு நின்றார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒரு வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வழியில் சிரமம் இல்லையே என்று மேடம் மரியாதைக்குத்தான் கேட்டார்.

"ஏர்போர்ட்டுலதாம்மா லேட்டாயிடுச்சி. ஒரே ஃபிளைட்டுல ரெண்டு பொட்டி. இது ஒண்ணு, மங்கலம்பேட்டைக்கு ஒண்ணு. வெளிய வச்சிருந்தாங்க, மழையில லேபிள் கழண்டுபோயி, திரும்ப ஒட்டித்தான் குடுத்தாங்க."

மேடம் அவரிடம் இன்னும் நெருங்கிப் போனார். "மொகத்த யாராவது பாத்தாங்களா?" என்றார்.

"தொறக்க வேணாம்னு சொல்லிட்டாங்களேம்மா. நாளாயிடுச்சில்ல."

அடுத்த நிமிடம் அவர் சுடுகாட்டை நோக்கி நடந்தார். அந்த ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. நானும் கூடவே போனேன். பெட்டியை அப்படியே வைத்து மேலே விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வேல்முருகனின் பெரியப்பா எங்களைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"பொம்பளைங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"ஒரு தடவ தொறந்து பாத்துட்டு வச்சிடலாங்க," என்றார் மேடம்.

"பேரு எழுதியிருக்குது. எங்க புள்ள பேருதான் அது. படிச்சவங்கதானே நீங்க, படிச்சிப் பாருங்க."

"பேரு பொட்டி மேல இருக்குதுங்க. உள்ள இருக்குறவர யாரு பாத்தது?"

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. செத்தவனைக்கூட நிம்மதியாக விடமாட்டேன் என்கிறாளே என்று ஒருவர் கத்தினார். இன்னொருவர் நெருப்புச் சட்டியோடு முன்னால் வந்தார். மேடம் விறகுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இது மங்கலம்பேட்டைப் பையனா இருந்து நாம எரிச்சிட்டோம்னா, நாளைக்கு அவங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

வேல்முருகனின் தம்பிதான் முதலில் அசைந்தார். விறகைத் தள்ளிவிட்டு ஆணிகளைப் பெயர்த்தார். மூடியைத் தூக்கியதும் மருந்து நெடியில் எல்லோரும் பின்வாங்கினோம். முகம் கறுத்து வீங்கியிருந்தது. "எங்க புள்ளதான்," என்றார் பெரியப்பா. தம்பி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

சூளைக் கதவு பட்டு வேல்முருகனின் இடது கையில் முழங்கை வரை தீக்காயம் உண்டு. அப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது மேடம்தான். குனிந்து துணியை விலக்கி இடது கையைப் பார்த்தார். தோல் நிறம் மாறியிருந்தது, தழும்பு தெரியவில்லை. தன் ஞாபகத்தின் மேலேயே சந்தேகம் வந்ததுபோல வலது கையையும் பார்த்தார். பிறகு, "செல்வியக் கூப்புடுங்க," என்றார்.

செல்வியை இரண்டு பெண்கள் தாங்கி வந்தார்கள். மேடத்தைப் பார்த்ததும், "அவர எரிக்க வுடுங்க மேடம், இன்னும் எத்தன நாளைக்கி அவர இப்பிடி வச்சிருப்பீங்க," என்று அழுதார். மேடம் அவர் தோளைப் பிடித்து, "கைய மட்டும் பாரும்மா," என்றார். செல்வி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது அவரு கை இல்ல," என்றார். பிறகு மெதுவாக, "அப்ப அவரு எங்க மேடம்?"

ஓட்டுநர் மங்கலம்பேட்டைக்குப் போன வண்டிக்காரரை போனில் பிடித்தார். அவர் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். லுஹர் என்ற மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பேசிக்கொண்டார்களாம். அந்த வீட்டு போன் எண் யாரிடமும் இல்லை. பெட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றிப் பின்னால் வரச் சொல்லிவிட்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு, நாங்கள் வந்திருந்த காரில் கிளம்பினோம். விருத்தாசலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ் நிலையத்தருகே ஒரு லாரி குறுக்கே நின்று, வண்டிகள் இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டன. மேடம் கதவைத் திறந்து இறங்கி, வெயிலில் நின்று, ஆட்டோக்காரர்களிடம் கைகூப்பி வழி கேட்டார். அவர் கைகூப்பி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடக்கத்தலமான மையவாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தொழுகை முடிந்திருந்தது. தோண்டிய குழிக்குப் பக்கத்தில், கயிறு கட்டிய பெட்டி. மேடம் வாசலிலேயே நின்று தம்பியை உள்ளே போகச் சொன்னார். அவருக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்றபடி மேடமே உரக்கச் சொன்னார்: "கொஞ்சம் பொறுத்துக்குங்க. அந்தப் பொட்டியில இருக்குறது இவரோட அண்ணன்னு நெனக்கிறோம்."

இளைஞர்கள் சிலர் வேகமாக வந்தார்கள். "மய்யித்த வச்சிக்கிட்டு என்ன பேச்சுங்க இது?" என்றார் ஒருவர். அவர்களை விலக்கிக்கொண்டு வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு முதியவர் வந்தார். இறந்தவர் ஜாகிர் என்ற அவருடைய மகன். மேடம் நடந்ததை நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னார். ஜாகிரின் அத்தா குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்க எரிச்சிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க. பின்னாடி வண்டியில வராரு."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்த பெட்டியைத் திறந்தார்கள். இடது கையில் தழும்பு இருந்தது. தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆம்புலன்ஸ் வந்து, ஜாகிரின் அத்தா மகனை அடையாளம் கண்டதும், முதலில் கோபித்துக்கொண்ட அந்த இளைஞர்களே வேல்முருகனைச் சுமந்துவந்து வண்டியில் ஏற்றினார்கள். அன்று மாலை பொழுது இருக்கும்போதே அங்கே அடக்கமும், இங்கே தகனமும் முடிந்தன.

திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். மேடம் கிளாஸைக் கீழே வைத்தார். "அந்த மொதப் பொட்டியில தழும்பு இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? அந்தப் பொண்ணு மொகத்த எப்படிப் பாத்திருப்பேன்?" என்றார். உறுதியாகத் தெரிந்து அவர் அங்கே நிற்கவில்லை. தெரியாமல்தான் நின்றார்.

சுடுகாட்டுக்குள் நுழைந்ததற்காக அந்தப் பெரியப்பா கடைசிவரை அவரோடு பேசவில்லை. ஊரில் வேறு சிலரும் அப்படித்தான். அதை அவர் குறையாகச் சொன்னதில்லை. வகுப்பில் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பூசாரிகளின் கதையை மட்டும் வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார், ஓய்வு பெறும் வரைக்கும்.

செவ்வாய் மாலை அவரை எடுத்தபோது, வண்டி தொழிற்பேட்டை வழியாகப் போகட்டும் என்று மகன் சொன்னான். பட்டறைகளில் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். சத்தம் கேட்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். அச்சு ஊற்றுகிறவர்கள், வண்ணம் தீட்டும் பெண்கள், சூளைக்காரர்கள். கை கழுவ யாருக்கும் நேரமில்லை. முழங்கை வரை காய்ந்துபோன வெள்ளைக் களிமண்ணோடு, சாலையின் இரு பக்கமும் கைகூப்பி நின்றார்கள். வண்டி மெதுவாக அவர்களுக்கு நடுவே போனது.

போய் வாருங்கள், தமயந்தி மேடம்.